கழுத்துப் பலகையும் கணினித் தீர்ப்பும்
அந்தமான் வரலாற்றின் வெளிச்சத்தில் செயற்கை நுண்ணறிவும் மனித உரிமையும்

கோவலன் சாவுக்குக் காரணம் ஒரு சிலம்பு என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கொஞ்சம் நின்று யோசித்தால், காரணம் சிலம்பு அல்ல, ஒப்பீடு. அரசியின் சிலம்பைக் காணோம். வெளியூர்க்காரன் ஒருவன் கையில் அதே மாதிரி ஒரு சிலம்பு இருக்கிறது. 'இதுதான் அது' என்று பொற்கொல்லன் சொன்னான், ஆள் வெட்டுப்பட்டான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தது அதற்கப்புறம்தான். முதலில் தண்டனை, பிறகு விசாரணை!

இன்று உலகெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவு செய்கிற வேலையும் பெரும்பாலும் ஒப்பீடுதான். கோடிக்கணக்கான பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு, 'இவர் அவரைப் போல இருக்கிறார், ஆகவே இப்படித்தான் நடப்பார்' என்று சொல்லும் கணக்கு அது. கடன் கொடுக்கலாமா, ரேஷன் கொடுக்கலாமா, கேமராவில் தெரியும் முகம் யாருடையது என்றெல்லாம் அதனிடம் கேட்கிறார்கள். கணக்கு சரியா தப்பா என்பதை வல்லுநர்கள் ஆராயட்டும். நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்களுக்கு முக்கியமான கேள்வி வேறு. நம்மைப் பற்றி ஒரு பதிவு பேசும்போது, நம்மையும் ஒரு வார்த்தை கேட்பார்களா?

இந்தக் கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. நாம் குடியிருக்கும் இந்தத் தீவுகளின் மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது புதைந்து கிடக்கிறது.

1858: ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர், 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். ஆக்ரா சிறையை நிர்வகித்த அனுபவம் உள்ளவர் அவர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் தலைநகரின் கைதிக் குடியேற்ற வரலாறு அன்றுதான் தொடங்கியது.

அதே ஆண்டு ஜூலை மாதம் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில் இன்னொரு தொடக்கம். வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் சாலைபோடும் சரளைக்கு ஒப்பந்தம் எழுதினார். கையெழுத்து மட்டும் வாங்காமல், அவருடைய உள்ளங்கையில் மை தடவி அந்தத் தாளிலேயே பதியச் செய்தார். ஏன்? நாளைக்கு 'இது என் கையெழுத்தே இல்லைங்க' என்று அவர் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்தான்! ஆட்சி நடத்தக் கைரேகையைப் பயன்படுத்தும் முறை இந்தியாவில் இப்படித்தான் வேர் விட்டது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் ஏற்பட்டது. ரேகைகளை வகை பிரித்துத் தேடும் கணக்கை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் 'ஹென்றி முறை' என்றே அழைத்தது.

இரண்டு தொடக்கங்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டின் அடியிலும் ஒரே கவலையைப் பார்க்கலாம். 1857 எழுச்சிக்குப் பிறகு, தான் ஆளும் மக்கள் யார் யார் என்று ஆட்சிக்குத் தெரியவில்லை, அவர்கள் வாய்ச்சொல்லில் நம்பிக்கையும் இல்லை. ஆகவே ஆளைக் கேட்பதைவிட அடையாளத்தைக் கேட்பது மேல் என்று முடிவு செய்தார்கள்.

நெற்றியிலிருந்து கழுத்துக்கு

அதற்கு முன்பே உடம்பில் எழுதும் வழக்கம் ஒன்று இருந்தது. ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் 'கோத்னா' முறை வங்காளத்தில் 1797-லும் சென்னை மாகாணத்தில் 1802-லும் சட்டமானது. 1849-ல் அதைக் கைவிட்டார்கள். ஒருவேளை தீர்ப்பே தப்பாக இருந்தால்? விடுதலை ஆனாலும் நெற்றி விடுதலை ஆகாதே!

அந்தமானில் நெற்றிக்குப் பதிலாகக் கழுத்து வந்தது. ஒவ்வொரு கைதியின் கழுத்திலும் ஒரு சிறு மரப்பலகை தொங்கியது. அவருடைய எண், தண்டனைச் சட்டப் பிரிவு, தண்டனை தொடங்கிய தேதி, முடியும் தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். ஆபத்தானவர் என்று கருதப்பட்டவர் பலகையில் 'டி' என்ற எழுத்து கூடுதலாக ஏறும். செல்லுலர் சிறையில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தப் பலகையைப் பற்றிப் படிக்கலாம். அந்த ஒற்றை எழுத்து, என்ன வேலை தருவது, எங்கே அடைப்பது, எவ்வளவு காவல் போடுவது என்று ஒருவருடைய ஒவ்வொரு நாளையும் பாதித்தது. அது ஏன் ஏறியது என்று கேட்கும் உரிமையோ, இறக்கச் சொல்லும் வழியோ கழுத்தில் அதைச் சுமந்தவருக்கு இல்லை.

பேரேட்டில் ஏறிய நடத்தை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த தண்டனை முறை ஒரு ஏணி மாதிரி. முதல் ஆறு மாதம் செல்லுலர் சிறையில் தனிமை. அடுத்த ஒன்றரை ஆண்டு மற்றவர்களோடு சேர்ந்த சிறை. பிறகு மூன்று ஆண்டு கடும் உழைப்பு, அதன்பின் ஐந்தாண்டு சற்றே தளர்ந்த உழைப்பு. பத்தாண்டு நல்ல நடத்தையோடு முடித்தால் 'டிக்கெட்' கிடைக்கும். அப்போது அவர் சொந்தமாகப் பயிர் செய்து, குடும்பம் வைத்து, கிராமத்தில் வாழலாம். முழு விடுதலைக்கு 20 முதல் 25 ஆண்டு ஆகும். தெற்கு அந்தமானின் பழைய கிராமங்கள் பலவும் இப்படி டிக்கெட் பெற்றவர்கள் காடு திருத்தி உண்டாக்கியவை. ஆக, ஒருவன் மனிதனாக வாழலாமா என்பதைப் பேரேட்டில் ஏறிய நடத்தைக் குறிப்பு தீர்மானித்தது.

அந்தக் குறிப்பு எவ்வளவு நம்பகமானது? ஷேர் அலி என்ற பட்டாணியர், நன்னடத்தைக்காரர் என்று பெயர் வாங்கியவர். ஆகவே நாவிதர் வேலை கொடுத்து, ஓரளவு சுதந்திரமாக நடமாட விட்டிருந்தார்கள். 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி மாலை ஹோப்டவுன் படகுத்துறையில் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்றவர் அவரேதான். மார்ச் 11-ல் வைப்பர் தீவில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பேரேடு அவரைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. அதுவரை நடந்ததை எழுதியிருந்தது, அவ்வளவுதான். நடந்ததை எழுதிய தாளை நடக்கப்போவதைச் சொல்லும் ஜாதகமாக வாசித்ததுதான் தப்பு. இன்றைய கணினிக் கணிப்புகளும் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

அளந்தார்கள், காக்கவில்லை

கைதிகள் கதை இப்படி என்றால், இந்த மண்ணின் பூர்வ குடிகள் கதை இன்னும் வேதனையானது. 1890-களில் எம்.வி. போர்ட்மேன் என்ற அதிகாரி பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமானியப் பழங்குடியினரை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுத்தார். உடலின் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து தொகுதி தொகுதியாக எழுதினார். 1880-ல் வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு பிள்ளைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்து வந்ததும் அவர்தான். நோய் தாக்கிப் பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். பிள்ளைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள்.

பெரிய அந்தமானியர் என்று அழைக்கப்படும் மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931-ல் 90 பேர். 1961-ல் 19 பேர்! வெளியாரிடமிருந்து வந்த தட்டம்மை போன்ற நோய்கள் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின. அளவுகளும் படங்களும் லண்டனில் பத்திரமாக இருந்தன, அளக்கப்பட்டவர்கள்தான் இல்லாமல் போனார்கள். ஒரு மக்களைப் பற்றித் தகவல் சேர்ப்பதும், அந்த மக்களுக்காகத் தகவல் சேர்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவில் 1956-ல் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை வந்தது. ஜாரவா மக்களைப் படம் பிடிப்பது இன்று தண்டனைக்குரிய குற்றம். அவர்கள் முகம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிற்று.

தாயகத்தில் 'ரேகைச் சட்டம்'

கடலுக்கு அந்தப் பக்கம் நம் தாயகமும் இதற்கு விலக்கல்ல. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு தனி மனிதர் செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த சாதிக்காகவே ஊர் முழுவதும் பெயர் பதிந்து, கைரேகை வைத்து, இரவில் காவலுக்கு ஆஜராக வேண்டும். மதுரைச் சீமையில் மக்கள் இதற்கு வைத்த பேர் 'ரேகைச் சட்டம்'. நமக்கு எங்கே வலிக்கிறது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது, பாருங்கள். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிர் விட்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் நீங்கியது.

வட இந்தியாவில் இதே சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்ட பாந்து மக்களை 1920-களில் அந்தமானுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். ஆக, பெருங்காமநல்லூர்ச் சட்டத்தின் ஒரு கிளை நம் தீவிலும் முளைத்தது.

முத்திரை இப்படி என்றால், காகிதம் இல்லாததும் ஒரு தண்டனைதான். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம், தகப்பனோ பாட்டனோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியிடம் ஏது பிறப்புச் சான்றிதழ்? பல தலைமுறை உழைத்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைத் தொகை பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கே போக விருப்பம் என்று அந்த மக்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் சில குடும்பங்கள் 1970-களில் நம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. 2004 சுனாமி அந்தத் தீவையும் கடுமையாகத் தாக்கியது. வீடே போன இடத்தில் காகிதம் எங்கே தங்கும்?

இன்றைய பலகை

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சில நீதிமன்றங்கள், குற்றம் சாட்டப்பட்டவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் 'காம்பாஸ்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தின. புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் 2016-ல் ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டப் பதிவுகளை ஆராய்ந்தது. பிறகு குற்றமே செய்யாதவர்களில், 'ஆபத்தானவர்' என்று தவறாகக் குறிக்கப்பட்ட கறுப்பினத்தவர் விகிதம், வெள்ளையரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று எழுதியது. மென்பொருளை விற்ற நிறுவனம் அந்த ஆய்வை மறுத்தது. ஆனால் மதிப்பெண் போடும் சூத்திரம் வணிக ரகசியமாகவே இருந்தது. கழுத்தில் தொங்கும் 'டி' எழுத்து ஞாபகம் வருகிறதல்லவா?

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி தேடிய வரித்துறை முறை, வெளிநாட்டுக் குடியுரிமையையும் ஒரு சந்தேகக் குறியாக எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் குடும்பங்கள் மோசடிக்காரர் பட்டம் சுமந்து கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே ராஜினாமா செய்தது.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. தெலங்கானாவில் பல துறைகளின் பதிவுகளைக் கணினி கோத்துப் பார்த்தது. 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. முன்கூட்டி நோட்டீஸ் கிடையாது. ரிக்‌ஷா ஓட்டிய ஒருவரை, பெயர் ஒத்துப்போன வேறொரு கார் உரிமையாளர் என்று கணினி எடுத்துக்கொண்டதும் நடந்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது. சரிபார்த்தபோது தகுதியுள்ள பல ஆயிரம் குடும்பங்கள் நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இங்கே ஏழையின் அரிசி முதலில் நின்றது, விசாரணை ஆண்டுக்கணக்கில் கழித்து வந்தது. மதுரையில் நடந்த அதே வரிசைதான்.

உழைக்கும் கைக்கும் இதில் தனிச் சோதனை உண்டு. ரப்பர் பால் வடிப்பவர், கொத்தனார், பாத்திரம் தேய்ப்பவர் ஆகியோரின் விரல் ரேகை தேய்ந்து போகும். 2016-17 மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே ஆதார் சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு எனும் மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. முகம் பார்க்கும் மென்பொருள்களிலும் குறை உண்டு. ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களை 2018-ல் ஆராய்ந்தபோது, வெளுத்த ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடாக இருந்த தவறு, கருத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போயிற்று.

பேரு என்ன, இனிஷியல் என்ன?

தாயகத்துக்கு வெளியே வாழும் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது. அதுதான் நம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். முத்துவின் மகன் செல்வம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எம். செல்வம். 'சர்நேம்' கேட்ட படிவத்தில் செல்வம் முத்து. பேங்க் பாஸ்புக்கில் முத்து செல்வம். இந்தியில் எழுதி மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்தும் மாறும். தமிழின் 'ழ' படும் பாட்டைக் கேட்கவே வேண்டாம். கல்யாணமான பெண்களுக்கு அப்பா இனிஷியலா கணவர் இனிஷியலா என்ற குழப்பம் வேறு. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் நம்ம ஊர்க்காரராக இருந்தால், 'மூணும் ஒரே ஆளுதான்' என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுப்பார். கணினிக்கு மூன்று பேர். அல்லது வேறு இரண்டு செல்வங்கள் அதற்கு ஒரே ஆள்!

2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. கடலடி ஒளியிழைக் கேபிள் வந்தது. அதன்பின் இணைய வேகம் கூடி, கணினிச் சேவைகள் வீடு தேடி வருகின்றன. நல்லதுதான். கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று கால் வலித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நாம் கணினிக்கு எதிரி அல்ல. கணினி சொன்னால் முடிந்தது என்ற பேச்சுக்குத்தான் எதிரி.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது?

2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ரேகை பொருந்தவில்லை என்ற காரணத்தால் உரியவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பதை 2018 ஆதார் தீர்ப்பு வலியுறுத்தியது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை அதில் உண்டு. ஆனால் கணினி மட்டுமே எடுத்த முடிவை ஏற்க மாட்டேன், ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அதில் வெளிப்படையாக இல்லை. அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரவும் அது இடம் வைத்திருக்கிறது. ஐரோப்பியர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை 2018 முதல் நடைமுறையில் உண்டு. மக்களை மதிப்பெண் போட்டுத் தரம் பிரித்து அநியாயமாக நடத்தும் முறையை 2024-ல் அவர்கள் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம் தடை செய்கிறது.

நம் தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகளும் நெறிமுறைப் பரிந்துரை ஒன்றை ஏற்றன. கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையை மீறினால் கோர்ட்டுக்குப் போக முடியாது என்பதை மறக்கக் கூடாது.

நாம் செய்யக் கூடியது

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அரசு அலுவலகம் தன் முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 'சிஸ்டம்ல வரல' என்பது காரணம் ஆகாது. எந்தப் பதிவில், எந்தத் தகவலால், யார் எடுத்த முடிவு என்று எழுத்தில் கேளுங்கள். குடும்பத்தில் எல்லோருடைய சான்றுகளிலும் பெயரை ஒரே மாதிரி எழுத இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே இந்தியிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று முடிவு செய்துவிடுவது நல்லது. படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு, வாரம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் நம் இளைஞர்கள் உட்கார்ந்து உதவலாம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே!

அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேண்டுகோள். நாளை நீங்கள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ அமர்ந்து இப்படிப்பட்ட மென்பொருள்களை எழுதப்போகிறீர்கள். தீவுகளின் மாவட்டச் சிறை இன்று நம் புரோத்ராபூரில்தான் இருக்கிறது. அங்கே இருப்பவருக்குக் குற்றச்சாட்டின் நகல் கிடைக்கும். வக்கீல் வைக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். கழுத்துப் பலகைக் காலத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்து சேர நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள அந்த உரிமை, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு பாட்டிக்கும் இருக்க வேண்டாமா? நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலிலும், 'இல்லை' என்று பதில் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, 'ஏன்' என்று கேட்கவும் ஒரு மனிதரிடம் முறையிடவும் ஒரு வழி வையுங்கள்.